மூன்று வயது, பேச்சு வரவில்லை. வீட்டில் தமிழை நிறுத்தச் சொல்கிறார்கள். நிறுத்தலாமா?

கேள்வி (2025 ஜூன் 7)

மகனுக்கு மூன்றேகால் வயது. ஏப்ரலில் ஆட்டிசம் என்று சொன்னார்கள். இன்னும் பேச்சு வரவில்லை. வேண்டியதை நம் கையைப் பிடித்து இழுத்துக் காட்டுவான். நானும் கணவரும் பெங்களூரில் மாரத்தஹள்ளிப் பக்கம் வேலைக்குப் போகிறோம், பகலில் என் அம்மாதான் பார்த்துக்கொள்கிறார். அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். தெரபி சென்டரில், "நிறைய மொழி கேட்டால் குழம்புவான், இனி வீட்டில் ஆங்கிலம் மட்டும்" என்கிறார்கள். அம்மா பயந்துபோய் அவனிடம் பேசுவதையே குறைத்துவிட்டார். தமிழை நிறுத்தித்தான் ஆக வேண்டுமா?

ஜூன் 8, ஞாயிறு

நிறுத்த வேண்டாம். அம்மாவை இன்றைக்கே பழையபடி பேசச் சொல்லுங்கள்.

என் மகளுக்கு இப்போது பதினேழு வயது. ஆட்டிசமும் அறிவுசார் குறைபாடும் சேர்ந்தது. அல்சூரில் இருக்கிறோம். அவளுக்கு மூன்று வயதிருக்கும்போது இதே அறிவுரை எங்களுக்கும் வந்தது. என் மாமியார் அம்பாசமுத்திரத்துக்காரர். "எனக்குத் தெரிஞ்ச பேச்சுலதான் என் பேத்திகிட்ட பேசுவேன்" என்று அன்றைக்கே முடித்துவிட்டார். அவர் பிடிவாதத்தால்தான் எங்கள் வீட்டில் பேச்சு நிற்கவில்லை.

ஆய்வுகளும் அவர் பக்கம்தான். கனடாவில் மாண்ட்ரியலில் ஹாம்ப்ளி, ஃபோம்போன் இருவரும் 2012இல் வெளியிட்ட ஆய்வு, ஒரே மொழி கேட்டு வளர்ந்த ஆட்டிசக் குழந்தைகளையும் இரண்டு மொழி கேட்டு வளர்ந்தவர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. இரண்டாவது மொழியால் கூடுதல் தாமதம் எதுவும் தென்படவில்லை. டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளை வைத்து 2005இலேயே இதே மாதிரி முடிவு வந்திருக்கிறது. குழம்புவான் என்பது பழைய நம்பிக்கை, இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

இன்னொன்றையும் பாருங்கள். தெரபி வாரத்துக்கு இரண்டு, மூன்று மணி நேரம் இருக்கும். மற்ற பகலெல்லாம் அவன் உங்கள் அம்மாவோடு. பேச்சு வராத குழந்தைக்கு நாள் முழுக்கக் கேட்கிற ஒரே குரலை அடக்கிவிட்டுப் பேச்சு வரவழைக்கப் பார்ப்பது எந்த விதத்தில் நியாயம்?

ஜூன் 8, இரவு

எழுத விட்டுப்போனது. சென்டரோடு சண்டை போட வேண்டியதில்லை. இந்த வாரம் எந்தெந்தச் சொற்களில் வேலை செய்கிறார்கள் என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அங்கே "ஓபன்", வீட்டில் "தொற". அங்கே "மோர்", வீட்டில் "இன்னும்". கையசைவும் படமும் இரண்டு இடத்திலும் ஒன்றாக இருக்கட்டும். அது போதும்.

ஜூன் 11, புதன்

"பள்ளி ஆங்கிலம், தெரு கன்னடம், வீடு தமிழ். இதில் மூன்றும் எப்படி ஏறும்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கவலைதான். எங்கள் வீட்டில் நடப்பதைச் சொல்கிறேன்.

என் மகளுக்கு மெட்ரோ என்றால் உயிர். அல்சூர் ஸ்டேஷனில் ஏறி ஊதா லைனில் எந்தக் கடைசிக்கும் போய்த் திரும்பத் தயார். அதில் கன்னடத்தில் வரும் "முந்தின நில்தாண" (அடுத்த நிலையம்) அறிவிப்பை அப்படியே, அந்தப் பெண் குரலின் ஏற்ற இறக்கத்தோடு சொல்வாள். முதலில் வெறும் எதிரொலி என்றுதான் நினைத்தோம். கவனித்துப் பார்த்தால், வீட்டை விட்டு வெளியே போக வேண்டும் என்று தோன்றும்போதுதான் அதைச் சொல்கிறாள். விருந்தாளி வந்து வெகுநேரம் உட்கார்ந்தாலும் சொல்வாள். (சிலர் புரிந்துகொண்டு எழுந்துவிடுவார்கள்!) பசிக்குத் தமிழ், வெளியே போகக் கன்னடம், டேப்லெட் வேண்டுமென்றால் ஆங்கிலம். எந்தச் சொல் எங்கே அவளுக்குப் பயன்பட்டதோ அங்கே அந்த மொழியில் பிடித்துக்கொண்டாள். அவளாக ஒரு மொழியையும் விலக்கவில்லை.

கேட்ட வசனத்தைத் திருப்பிச் சொல்வதை நிறுத்தச் சொல்லி அதட்டாதீர்கள். என்ன சொல்கிறான், எந்த நேரத்தில், அதற்கு முன்னால் என்ன நடந்தது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். சில வாரம் போனால் தானே பிடிபடும்.

ஜூன் 15, ஞாயிறு

பாட்டியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும். கேள்வி கேட்டவரின் அம்மா என் மனதில் நிற்கிறார். ஒரு நோயின் பெயரைச் சொல்லி, உங்கள் பேச்சால்தான் பிள்ளைக்குக் கெடுதல் என்கிற மாதிரி அவர் காதில் விழுந்திருக்கிறது. அதைத் துடைத்தாக வேண்டும்.

நம் ஊரில் இப்படிப்பட்ட குழந்தைகளை உண்மையில் வளர்ப்பவர்கள் பாட்டிகளும் அத்தைகளும் வேலைக்கு வரும் அக்காக்களும்தான். ஆனால் பயிற்சி என்று வரும்போது இவர்களை யாரும் அறைக்குள் கூப்பிடுவதில்லை. வெளியே பெஞ்சில் செருப்புகளோடு உட்கார்த்தி வைக்கிறார்கள். நாற்பது நிமிடம் கழித்துக் குழந்தையை ஒப்படைத்து, "இன்னைக்கு நல்லா கோஆபரேட் பண்ணான்" என்று ஆங்கிலத்தில் சொல்லி அனுப்புகிறார்கள். எனக்கு இதில்தான் கோபம்.

நாங்கள் பிறகு போன இடத்தில் ஒரு ஸ்பீச் தெரபிஸ்ட், ஓசூர்ப் பெண், எங்கள் ஆச்சியை, அதாவது என் மாமியாரை, உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். அவர் சொன்னது இவ்வளவுதான்: இரண்டைக் காட்டிக் கேளுங்கள், கேட்டுவிட்டுக் காத்திருங்கள். ஒரு கையில் இட்லி, ஒரு கையில் தோசை. "எது வேணும்?" மனதுக்குள் பத்து எண்ணுங்கள். பார்வை எந்தப் பக்கம் போகிறதோ அதைக் கொடுத்து, அதன் பெயரைச் சொல்லுங்கள். ஆச்சிக்கு அந்தப் பத்து எண்ணுவதுதான் பெரிய பாடாக இருந்தது. வாய் நிறையப் பேசிப் பழகியவர்! ஆனால் பழகினார். அப்புறம் தாலாட்டில் கடைசிச் சொல்லை விட்டுவிட்டு முகத்தைப் பார்த்து நிற்பார். ஒருநாள் அந்தச் சொல்லை மகள் முடித்தாள். எங்கள் வீட்டின் முதல் சொல் அப்படி வந்தது. தெரபி அறைக்கு வெளியே, அம்பாசமுத்திரத் தமிழில்.

இது எங்கள் வீட்டு அதிர்ஷ்டம் மட்டும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் ஒரு ஆய்வு நடந்தது. மருத்துவரோ தெரபிஸ்டோ அல்லாத, பயிற்சி பெற்ற ஊழியர்கள் வீட்டுக்கே போனார்கள். பெற்றோரும் குழந்தையும் விளையாடுவதை வீடியோ எடுத்துப் போட்டுக் காட்டிப் பேசினார்கள். 2016இல் லான்செட் சைக்கியாட்ரி மருத்துவ இதழில் முடிவு வந்தது: பெற்றோர் குழந்தைக்கு ஈடுகொடுக்கும் விதம் தெளிவாக மேம்பட்டது, குழந்தைகள் தாமாகத் தொடர்புகொள்வதும் கூடியது. உலக சுகாதார நிறுவனமும் இரண்டு முதல் ஒன்பது வயதுக் குழந்தைகளின் வீட்டாருக்கென்றே ஒரு பயிற்சித் திட்டம் வைத்திருக்கிறது. ஒன்பது குழு வகுப்பு, மூன்று வீட்டு வருகை.

தமிழில் வேண்டும், முழுதாக வேண்டும் என்பவர்கள் வேலூர் சி.எம்.சி.யின் நம்பிக்கை நிலையத்தைப் பற்றி விசாரியுங்கள். பெற்றோர் குழந்தையோடு அங்கேயே தங்கிக் கற்றுக்கொள்வது. பெங்களூரிலிருந்து ரயிலில் சில மணி நேரம்தான். டெல்லியில் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் ஜசோலாவில் ஆக்‌ஷன் ஃபார் ஆட்டிசம் நடத்தும் பெற்றோர்-குழந்தைப் பயிற்சியைப் பார்க்கலாம். மும்பையில் உம்மீத் என்ற மையம் இருக்கிறது.

ஜூன் 16

சுருக்கமாக. யாரிடம் போனாலும் ஆர்.சி.ஐ. பதிவு எண் கேளுங்கள். ஸ்பீச் தெரபிஸ்ட், ஸ்பெஷல் எஜுகேட்டர், கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் எல்லோரும் 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்த மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிந்திருக்க வேண்டும். கேட்டால் கோபித்துக்கொள்கிற இடத்தில் பிள்ளையை விட வேண்டாம்.

ஜூன் 22, ஞாயிறு

8ஆம் தேதி எழுதியதை மறுபடி யோசித்துப் பார்த்தேன். இங்கே ஒரு அப்பா எழுதியிருக்கிறார்: அவர் தமிழ், மனைவி கொங்கணி, இருவரும் பேசிக்கொள்வது ஆங்கிலத்தில். "அப்போது நாங்கள் தமிழுக்கு மாற வேண்டுமா?" என்கிறார். வேண்டாம். யோசிக்காமல் கொஞ்ச, அதட்ட, சிரிக்க உங்களுக்கு எந்த மொழி வருகிறதோ அதில் பேசுங்கள். நான் தமிழைப் பிடித்துக்கொண்டு எழுதுவதற்குக் காரணம், கேள்வி கேட்டவர் வீட்டில் அந்தப் பாட்டிக்கு வேறு மொழி இல்லை என்பதுதான்.

இன்னொரு பக்கமும் உண்டு. எங்கள் மகளின் பள்ளியில் ஆயாம்மா கன்னடம்தான் பேசுவார். கழிவறை, தண்ணீர், வலி இந்த மூன்றையும் கன்னடத்தில் அவள் சொல்ல வேண்டியிருந்தது. அதைக் கற்றுக்கொடுத்தோம். அவசரத்துக்கு உதவ வருகிறவருக்குப் புரிகிற சொல் குழந்தையிடம் இருக்க வேண்டும்.

பேச்சே வராமல் போனால்? அதற்காகக் காத்திருந்து நாளைக் கடத்த வேண்டாம். படம் காட்டிப் பேசுவதை இப்போதே தொடங்குங்கள். கடையில் விற்கும் கார்ட்டூன் படம் வேண்டாம், உங்கள் வீட்டுத் தம்ளர், உங்கள் வீட்டுக் கதவு, உங்கள் அம்மா முகம் இவற்றையே போட்டோ எடுத்து லேமினேட் செய்யுங்கள். படத்தைத் தொட்டால் பேசும் ஆவாஸ் செயலி சென்னையில் உருவானது, அதில் தமிழும் இருக்கிறது. படத்தைப் பழக்கினால் பேச்சு வராது என்று பயமுறுத்துவார்கள். அதற்கு ஆதாரம் இல்லை.

ஜூன் 29, ஞாயிறு

காகித வேலை பற்றிப் பலர் கேட்டிருக்கிறார்கள்.

எங்கள் அடுக்குமாடியில் வேலை செய்யும் அக்கா கிருஷ்ணகிரிப் பக்கம். மர்ஃபி டவுனில் குடியிருக்கிறார். பையனுக்குப் பெருமூளை வாதம், ஏழு வயது, இடுப்பில்தான் தூக்கிப் போகிறார். மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் தமிழ்நாட்டில் வாங்கியது என்பதால் ஒரு அலுவலகத்தில் "இது இங்கே செல்லாது" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 58ஆம் பிரிவு, சான்றிதழ் நாடு முழுவதும் செல்லும் என்று தெளிவாகச் சொல்கிறது. அந்தப் பக்கத்தை அச்செடுத்துக் கொடுத்து, கூடவே நானும் போனேன். வாங்கிக்கொண்டார்கள். அவர் தனியாகப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைத்தால் வயிறு எரிகிறது. மாநில உதவித்தொகை மட்டும் வேறு கணக்கு, அது எந்த மாநிலத்தில் குடியிருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

முதலில் யு.டி.ஐ.டி. கார்டு, அதாவது மாற்றுத்திறனாளி அடையாள அட்டை. குறைபாடு நாற்பது சதவீதமும் அதற்கு மேலும் என்றால்தான் பெரும்பாலான சலுகைகள். ஆறு முதல் பதினெட்டு வயது வரை இலவசக் கல்வி உரிமையும் அதில் சேரும்.

அடுத்தது மத்திய அரசின் நேஷனல் டிரஸ்ட் தரும் நிராமயா மருத்துவக் காப்பீடு. ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு இந்த நான்குக்கும் வருடத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை. சேருவதற்கு முன் மருத்துவப் பரிசோதனை கிடையாது. தெரபிச் செலவுக்கும் ஒரு பங்கு உண்டு, பலருக்கு இது தெரிவதில்லை. ஏப்ரல் முதல் மார்ச் வரைதான் அதன் ஆண்டு, புதுப்பிக்க மறக்காதீர்கள்.

சம்பளக்காரர்கள் வருமான வரியில் மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கான கழிவைப் பாருங்கள் (1961ஆம் ஆண்டுச் சட்டத்தில் 80டிடி பிரிவு). 75,000 ரூபாய் கழிவு, குறைபாடு எண்பது சதவீதமோ அதற்கு மேலோ என்றால் 1,25,000. பழைய வரி முறையில் இருந்தால் மட்டும். புதிய முறைக்கு மாறும் முன் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அந்த அக்காவின் பையனை லிங்கராஜபுரத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கான தொண்டு நிறுவனமான ஏ.பி.டி.யில் காட்டச் சொல்லியிருக்கிறேன். 1959இலிருந்து இருக்கும் இடம், மர்ஃபி டவுனிலிருந்து ரொம்பத் தூரமும் இல்லை. இந்திராநகர் ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டியும் பக்கம்தான். சின்னக் குழந்தை என்றால் ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய என்ற அரசுக் குழந்தைகள் நலத் திட்டத்தில் அங்கன்வாடியிலேயே பரிசோதனை நடக்கும், அங்கிருந்து மாவட்டத் தொடக்கநிலைத் தலையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். காசு கிடையாது. 2013இலிருந்து இருக்கிறது, கேட்டு வாங்க வேண்டியதுதான்.

ஜூலை 6, ஞாயிறு

ஒரு தாய் தனியாக எழுதிக் கேட்டார், பெயர் வேண்டாம் என்றார். மகளுக்குப் பத்து வயது. "வயசுக்கு வந்தா எப்படிச் சமாளிப்பேன்? கர்ப்பப்பையை எடுத்துடலாம்னு சொந்தக்காரங்க சொல்றாங்க."

எடுக்க வேண்டாம். மாற்றுத்திறனாளியின் சம்மதம் இல்லாமல் அவரைக் கருவுற முடியாதபடி ஆக்கும் எந்தச் சிகிச்சையும் கூடாது என்று 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 10ஆம் பிரிவு சொல்கிறது. 1994இல் மகாராஷ்டிரத்தில் ஷிரூர் அரசு விடுதியிலிருந்த பெண்களைப் புனே சசூன் மருத்துவமனைக்குக் கொண்டுபோய்க் கர்ப்பப்பையை எடுத்தபோது நாடே கொதித்தது. மாதவிடாயைச் சமாளிக்கத் தெரியாது என்பதுதான் அன்றைக்கும் காரணமாகச் சொல்லப்பட்டது. அந்தப் பெண்களுக்கு யாராவது கற்றுக்கொடுத்துப் பார்த்தார்களா என்பதுதான் என் கேள்வி.

கற்றுக்கொடுக்க முடியும். இப்போதே தொடங்குங்கள், இன்னும் நேரம் இருக்கிறது. நாங்கள் செய்தது இது. முதலில் வெறும் சானிட்டரி பேடை உள்ளாடையில் ஒட்டிச் சும்மா கொஞ்ச நேரம் போட்டுப் பழக்கினோம். என் மகளுக்கு ஒட்டும் பசை உரசினாலே ஆகாது, அதனால் எந்தத் துணி, எந்தத் தடிமன் ஒத்துவருகிறது என்று பார்க்கவே சில மாதம் ஆனது. பிறகு சிவப்பு மை தடவிய பேடைக் காட்டி, மாற்றுவது, காகிதத்தில் சுற்றுவது, குப்பைக்கூடையில் போடுவது, கை கழுவுவது. ஒவ்வொரு படிக்கும் எங்கள் குளியலறையிலேயே எடுத்த போட்டோ, கண்ணுக்கு நேரே சுவரில். எல்லாவற்றுக்கும் முதல் படி, கதவைச் சாத்துவது. அதை மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது. உடம்பைப் பற்றிய எதுவும் சாத்திய கதவுக்குள்தான் என்று அவளுக்குப் பழகிவிட்டால் வெளியிடங்களில் அது பெரிய பாதுகாப்பு.

முதல் மாதவிடாய் வந்த அன்று அவள் அழவில்லை. சுவரில் இருக்கும் படத்தைக் காட்டினாள். நான்தான் அழுதேன்.

வலியைச் சொல்லத் தெரியாத பிள்ளைகள் தலையைச் சுவரில் முட்டலாம், கடிக்கலாம், சாப்பாட்டை ஒதுக்கலாம். அதைத் துர்க்குணம் என்று எண்ணி மருந்தைக் கூட்டும் முன், காலண்டரில் தேதியைப் பாருங்கள்.

ஜூலை 7

அதையொட்டி ஒன்று. இது அம்மாவுக்கு மட்டும் தெரிந்த வேலையாக இருக்கக் கூடாது. எனக்கு டைஃபாய்டு வந்து படுத்திருந்தபோது என் நாத்தனார்தான் பார்த்துக்கொண்டார். சுவரில் படம் இருந்ததால் அவருக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

தம்பி தங்கைகளைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானே எழுதுகிறேன். என் மகனுக்குப் பதினொன்று. "அக்காவை நாளைக்கு நீதான் பார்க்கணும்" என்று வருகிறவர் போகிறவர் எல்லாம் அவன் தலையில் கை வைத்துச் சொல்வார்கள். நான் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுவேன். அவன் குழந்தை. அக்காவின் எதிர்காலத்துக்கு ஏற்பாடு செய்வது எங்கள் வேலை. வாரத்தில் ஒரு மாலை அவனுக்கே அவனுக்கு, அப்பாவோடு கிரிக்கெட்டோ அல்சூர் ஏரிப் பக்கம் ஒரு நடையோ. அன்றைக்கு அக்காவைப் பற்றிப் பேச்சே கிடையாது.

அம்மாக்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தூக்கம். பிள்ளை இரவில் மூன்று மணிக்கு எழுந்து கூடத்தில் நடக்கிறது என்றால், அதை மருத்துவரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். பிள்ளையின் தூக்கக் கோளாறுக்கு வழி உண்டு. ஓசூர் சாலை நிம்ஹான்ஸில் குழந்தைகள் மனநலப் பிரிவில் இதைக் காது கொடுத்துக் கேட்டார்கள். அதுவரை நானும் கணவரும் முறை போட்டு விழித்திருந்தோம். மத்திய அரசில் வேலை செய்யும் அம்மாக்கள் என்றால், மாற்றுத்திறனாளிக் குழந்தைக்கான பராமரிப்பு விடுப்பு 730 நாள், பிள்ளைக்கு வயது வரம்பு கிடையாது. இதை எடுத்தவர்களை விட எடுக்கத் தயங்குபவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன். எடுங்கள்.

ஜூலை 20, ஞாயிறு

பிள்ளையைக் குணப்படுத்துவதாகச் சொல்லும் ஸ்டெம் செல் வைத்திய விளம்பரத்தின் இணைப்பை அனுப்பி "போகலாமா" என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். போகாதீர்கள். ஐ.சி.எம்.ஆர். எனும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017 வழிகாட்டுதல்படி, இரத்தம் சார்ந்த சில நோய்களைத் தவிர ஸ்டெம் செல் வைத்தியம் அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சை கிடையாது. மற்றது எல்லாம் முறையான ஆய்வுக்குள் மட்டும். ஆய்வு என்றால் உங்களிடம் காசு வாங்க மாட்டார்கள். லட்சக்கணக்கில் கேட்கிறார்கள் என்பதே பதில். நகையை அடகு வைத்துப் போன ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும். அந்தப் பணத்தில் பையனுக்குப் பல வருடத் தெரபி நடந்திருக்கும்.

ஆடி பிறந்துவிட்டது, தெருவுக்குத் தெரு மைக் செட். சத்தம் தாங்காத பிள்ளைகளுக்கு, தொழிற்சாலையில் போடும் காது மூடி ஹார்ட்வேர் கடையிலேயே மலிவாகக் கிடைக்கும். எங்கள் தெருக் கோயில்காரர்களிடம் நேரில் போய்ச் சொன்னோம், ஒலிபெருக்கியின் முகத்தை அந்தப் பக்கம் திருப்பி வைத்தார்கள். கேட்டால் செய்கிறார்கள்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். பாட்டி பேசுகிறார், சென்டரில் அவரையும் உள்ளே உட்கார அனுமதித்துவிட்டார்களாம். ரொம்பச் சந்தோஷம். பையன் இன்னும் பேசவில்லை. பரவாயில்லை, தண்ணீர்ப் படத்தை எடுத்து நீட்டுகிறான் என்கிறாரே, அதுவும் பேச்சுதான்.

பதினெட்டு வயது நெருங்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கு இது. எங்களுக்கும் அந்த வேலை இப்போதுதான் ஓடுகிறது. பதினெட்டு ஆனதும் பெற்றோர் தாமாகவே சட்டப்படி பாதுகாவலர் ஆகிவிடுவதில்லை. வங்கிக் கணக்கு, சொத்து என்று வரும்போது இது இடிக்கும். நிராமயாவுக்குச் சொன்ன அதே நான்கு வகைக்கும், 1999ஆம் ஆண்டு நேஷனல் டிரஸ்ட் சட்டப்படி மாவட்ட அளவிலான குழு பாதுகாவலரை நியமிக்கும். நம் பக்கத்தில் டிசி (மாவட்ட ஆட்சியர்) அதற்குத் தலைவர், ஒரு தொண்டு நிறுவனப் பிரதிநிதியும் மாற்றுத்திறனாளி ஒருவரும் உறுப்பினர்கள். நீதிமன்றம் போக வேண்டியதில்லை. பாதுகாவலர் ஆனவர் சொத்துக் கணக்கை அந்தக் குழுவுக்குக் காட்ட வேண்டும். அது சுமை என்று சிலர் முணுமுணுக்கிறார்கள், எனக்கு அது நல்லதாகவே படுகிறது.

பெற்றோர் இருவரும் சேர்ந்து விண்ணப்பிக்கலாம். எங்களுக்குப் பிறகு யார் என்பதையும் பேசி, சம்மதம் கேட்டு வைத்திருக்கிறோம். நாத்தனார் சரி என்றிருக்கிறார். மகனிடம் இப்போது எதுவும் கேட்கவில்லை. மகளின் யு.டி.ஐ.டி., ஆதார், பிறப்புச் சான்றிதழ், எங்கள் அடையாளச் சான்றுகள் எல்லாவற்றிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஆதாரில் அவள் இனிஷியல் முன்னால், யு.டி.ஐ.டி.யில் பின்னால். அதைத் திருத்தத்தான் இந்த வாரம் போகிறேன்.